ஒன்பதாம் நம்பர் மலைக் குடில்

கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள் பாதி ஈரத்தோடு எரியும்போது ஒரு கசந்த புகை வரும். அந்தப் புகை ஏறிய சுடுதண்ணீரின் வாசனைதான் என் பிள்ளைப் பருவத்தின் வாசனை. வீட்டுக்குப் பின்னால் மூன்று கல்லின் மேல் ஒரு தகர டிரம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும், அதன் வெளிப்பக்கம் கரியும் உட்பக்கம் துருவுமாக இருக்கும், அதிலிருந்து ஒரு குவளை மொண்டு தலையில் ஊற்றினால் குளிரில் விறைத்த உடம்பு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு தரம் சிலிர்த்து அடங்கும். குளித்து முடித்துப் பள்ளிக்கூடம் போனால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோர் மேலும் ஒரே புகை வாசனை வீசும்.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைக்குள் நெளிந்து போகும் ஒரு மண்சாலையின் முடிவில் இருந்தது எங்கள் லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகள். அங்கே "பச்சத் தண்ணி" என்பது குடிக்கிற சமாசாரம், குளிக்கிற சமாசாரம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் பார்த்து "பச்சத் தண்ணிய ஊத்திருவேன்" என்றால் அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. பிறந்த குழந்தைக்கும் சுடுதண்ணீர், மழையில் நனைந்து வந்த நாய்க்கும் சுடுதண்ணீர். என் பெரியம்மா தன் வீட்டு மாரியம்மன் படத்தைத் துடைப்பதற்குக்கூடத் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில்தான் நனைப்பாள். ஆகவே ஒருவர் மேல் அன்பு இருந்தால் அவரைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும் என்று நான் நம்பி வளர்ந்ததில் என் தப்பு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு நடந்ததற்கு என்னிடம் உள்ள ஒரே சமாதானம் இதுதான்.

எங்கள் லயத்தில் இருபது வீடுகள். அவற்றில் ஏழு கிறிஸ்தவ வீடுகள், மற்றவை இந்து வீடுகள். அந்த ஏழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய சதுர பிஸ்கட் தகரம் இருந்தது. அதற்குள் குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இரண்டு இடையர்கள், இறக்கை விரித்த ஒரு சம்மனசு, கொம்பு ஒடிந்த மாடு, கழுதை, ஆடுகள் என்று கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள் எல்லாம் வைக்கோலுக்குப் பதில் காய்ந்த புல்லைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கும். காகிதக் கூழும் களிமண்ணும் பிசைந்து செய்து சாயம் பூசியவை அவை. என் அப்பாவைப் பெற்றவர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீட்டுக்கு "குடில் முறை" வரும். முறை வந்த வீட்டில் குடில் வைப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், இருபது வீட்டு ஜனங்களும் வந்து பார்த்துவிட்டுக் கேக்கும் முறுக்கும் தின்பார்கள்.

அந்த முறை எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவே இல்லை. அம்மா இந்து வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் பெற்று செல்வியாக இருந்தவள் மரியசெல்வி ஆனாள். அப்பாவின் அக்கா சவேரியம்மா அத்தைதான் லயத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்கெல்லாம் தலைவி மாதிரி. தகரப் பெட்டியின் மேல் அவளுக்குத்தான் அதிகாரம். "செல்விக்குப் பழக்கம் இல்ல, பாவம், அவளுக்கு ஏன் கஷ்டம்" என்று மிக அன்பாகச் சொல்லியே பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டைத் தாண்டிப் பெட்டியைக் கொண்டுபோனாள். ஆனால் அம்மா ஒவ்வொரு டிசம்பரிலும் முன்னறையின் ஒரு மூலையைக் கழுவித் துடைத்துக் காலியாகவே வைத்திருப்பாள்.

எனக்குப் பத்து வயதாகவும் என் தங்கை பிலோவுக்கு ஏழு வயதாகவும் இருந்த ஆண்டு, பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தையே சுமந்துகொண்டு வந்து வைத்தாள். "பாத்து, செல்வி. ரொம்பப் பழசு" என்று மட்டும் சொன்னாள். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தொட்டுப் பார்த்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் இருவரிடமும், "யாரும் தொறக்கக் கூடாது. சாயங்காலம் வந்து நான் தொறக்கிறேன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று தரம் சொன்னால் யாருக்குத்தான் திறக்கத் தோன்றாது?

திறந்தோம். உள்ளே அத்தனை பேர் மேலும் பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் மலையில் செருப்பு, பாய், பாடப் புத்தகம் எதுவும் அதற்குத் தப்பாது, சுரூபம் மட்டும் எப்படித் தப்பும்? சூசையப்பரின் கறுப்புத் தாடி நரைத்திருந்தது. மாதாவின் நீல முக்காட்டில் வெள்ளைப் புள்ளிகள். பிலோ பயந்துபோய், "அத்த பாத்தா அம்மாவத்தான் திட்டும்லா" என்றாள். எங்கள் ஊரில் பேச்சின் வாலில் ஒரு "லா" தானாக ஒட்டிக்கொள்ளும். அது உண்மைதான் என்று எனக்கும் பட்டது. பெட்டி நம் வீட்டுக்கு வந்த ஒரே ராத்திரியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றால் அம்மாவின் பெயர் என்ன ஆகும்? ஆகவே அம்மாவைக் காப்பாற்ற நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களைக் குளிப்பாட்டிவிடுவது.

டிரம்மிலிருந்து மொண்டு பெரிய பிளாஸ்டிக் வாளியை நிரப்பினேன். புண்ணிய சுரூபங்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சூடு வைத்தேன். அழுக்கு இளகட்டும் என்று எங்கள் காலை அம்மா ஊறவைப்பது போல எல்லோரையும் வரிசையாக வாளிக்குள் இறக்கி, குழந்தை இயேசுவை மட்டும் மாதாவின் பக்கத்தில் பத்திரமாகப் போட்டு, சோப்புத் துண்டு ஒன்றையும் சீவிப் போட்டுவிட்டு, கோலி விளையாடப் போய்விட்டோம். எங்களுக்குக் கோலி என்பது தேயிலைக் கொட்டை. கவாத்துக்குத் தப்பி ஓரத்தில் மரமாக வளர்ந்துவிட்ட பழைய செடிகளின் அடியில் பழுப்பு நிறத்தில் உருண்டையாக உதிர்ந்து கிடக்கும். அன்று நான் பதினேழு கொட்டை ஜெயித்தேன்.

திரும்பி வந்தபோது வாளித் தண்ணீர் ஊதாவும் மஞ்சளுமாகக் கலங்கியிருந்தது. கையை விட்டேன். கூழ் வந்தது. இன்னும் ஆழமாக விட்டேன், ஒரு கம்பி வந்தது. அது சம்மனசின் முதுகெலும்பு. பிலோ வாளிக்குள் எட்டிப் பார்த்து, அழாமல், மிக நிதானமாக, "எல்லாரும் கரைஞ்சிட்டாங்க" என்றாள்.

அம்மா நான்கு மணிக்கு வந்தாள். வாளியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடிக்கவில்லை. முழங்கால் வரை இருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாளியைப் பார்த்தபடியே, "பன்னெண்டு வருசமா அண்ணி எங்கிட்ட அந்தப் பொட்டியக் குடுக்கல. குடுத்த மறுநாளே கரைச்சிட்டேன்" என்றாள். கரைச்சிட்டீங்க என்று சொல்லவில்லை, கரைச்சிட்டேன் என்றாள்.

அம்மா படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா அவள், காளியம்மா என்று பெயர், தோட்டம் முழுவதும் அவள் வாய்க்குப் பயப்படும். விஷயத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குளிருக்கு இத்தன வருசம் பொட்டிக்குள்ளயே கெடந்தாங்க. ஒரு நாளாவது சூடாக் குளிச்சாங்கலா, விடு" என்றாள். அம்மா அவளை முறைத்தாள். முறைத்தவள் பாதியில் தானும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னும் அதிகமாக அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள்தான் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, அன்று வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் டவுன் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினார். ஈப்போவுக்குப் போனால் கிடைக்கும், ஆனால் அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பழைய வண்டி தாங்காது. அப்பா திரும்பி வந்து ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், சாவி கொடுத்தால் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஊதுகுழல் ஊதும் கிறிஸ்துமஸ் தாத்தா. "வேற ஆளு கெடைக்கல. இவருதான் கெடைச்சாரு" என்றார் அப்பா. பிலோவுக்கு மட்டும் ஏக சந்தோஷம். சிவப்பு மண்ணைப் பிசைந்து நாங்களே சுரூபம் செய்து பார்த்தோம். நான் செய்த சூசையப்பர் உருளைக்கிழங்கு மாதிரி வந்தார், பிலோ செய்த மாடு அவரைவிட அழகாக இருந்தது, இரண்டுமே அடுப்போரம் காய்ந்தவுடன் வெடித்தன.

மறுநாள் ஞாயிறு. பூசை மாதத்தில் ஒரு தரம்தான் என்பதால் அன்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். அம்மா தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஆளு இல்லாட்டிப் போவுது. மலையாவது வப்போம். மூல காலியாக் கெடந்தா நல்லாருக்காது" என்றாள். அப்பா பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை இரண்டை ஒன்றாக ஆணி அடித்து, சுவரில் சாய்த்து வைத்தார், மலைச்சரிவு போல. அதன் மேல் ஒட்டுவதற்கு அம்மா மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சினாள். நாங்கள் சாக்குகளை எடுத்துக்கொண்டு வெளியே போனோம்.

அந்த ஒரு நாளைப் போல ஒரு நாள் என் வாழ்க்கையில் வரவில்லை. அதுவரை எங்கள் கண்ணுக்கு முன்னால் கிடந்தும் நாங்கள் பார்த்திராத பொருட்களெல்லாம் அன்று ஒவ்வொன்றாக எங்களைக் கூப்பிட்டன. கான் என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலின் ஓரத்துப் பாசியிலேயே எத்தனை பச்சை: விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும் கரும்பச்சை, பாறை மேல் வெல்வெட்டுத் துணி போல் படியும் இளம்பச்சை, வெயில் பட்டு மஞ்சளான பச்சை. கிழட்டுத் தேயிலைக் கிளைகளில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஒட்டியிருப்பதைச் சுரண்டினோம். போன மாதம் சரிந்த மேட்டில் ஒரே வெட்டில் சிவப்பு மண், மஞ்சள் மண், பிட்டு மாவு போன்ற வெள்ளை மண் மூன்றும் கிடைத்தன. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும்போது பறந்து மூலையில் ஒதுங்கும் செந்நிறப் பஞ்சை அப்பா ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அதைத் தொட்டால் தும்மல் வரும். அடுப்பிலிருந்து கரியும் சாம்பலும் எடுத்தோம். இலையின் அடியில் வெள்ளை மாவு பூசிய ஒரு பெரணி எங்கள் பக்கத்தில் உண்டு, கையில் வைத்துத் தட்டினால் இலை அப்படியே வெள்ளையாகப் பதியும், பிள்ளைகள் எல்லோரும் பச்சை குத்திக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு அதைத்தான் தட்டிக்கொள்வோம். அதிலும் ஒரு கட்டு.

ஒட்டத் தொடங்கியது நாங்கள் என்றாலும், கொஞ்ச நேரத்தில் அம்மா எங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கும் தெரியாது. கை தானாகப் போனது. கீழே கரும்பச்சை, அதற்கு மேல் இளம்பச்சையை வளைத்து வளைத்து வரிவரியாக, நடுவில் ஒரு பெரிய பழுப்புத் திட்டு, அதன் தோளில் மஞ்சள் மண்ணால் ஒரு கிழிசல், உச்சியில் சாம்பல் செதில்களைக் கூரை வேய்வது போல் அடுக்கி, அதற்கும் மேல் அப்பாவின் செந்நிறப் பஞ்சை ஊதி ஊதி மெல்லப் படியவைத்தாள். வலது பக்கம் கீழே ஒரு முறத்தளவு இடத்தை மட்டும் அவளால் மூட முடியவில்லை. சுரூபங்கள் நிற்க வேண்டிய இடம் அது. கடைசியில் அந்த வட்டத்தைக் கரியால் கறுப்பாக்கி, நாங்கள் பெரணி இலையைத் தட்டித் தட்டி வெள்ளைத் தடங்களால் நிரப்பினோம்.

வெறுமையாக இருக்கிறதே என்று பிலோ தன் பிளாஸ்டிக் பசுவையும் ஒரு தீப்பெட்டி வீட்டையும் கொண்டுவந்து பாசியின் மேல் வைத்தாள். உடனே மலை சுருங்கிப்போயிற்று. அது பொம்மைப் பசு மேயும் ஒரு பாசித் துண்டு, அவ்வளவுதான். அம்மா இரண்டையும் எடுத்தாள், மலை மறுபடி பெரிதாயிற்று. பிலோ வைத்தாள், அம்மா எடுத்தாள். மூன்றாம் முறை பிலோவுக்கே புரிந்து, "ஒண்ணுமே வைக்காட்டிதான் பெருசா இருக்குலா" என்றாள். ஓவியத்தைப் பற்றி யார் யாரோ சொன்னதைப் பிற்பாடு நான் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் அழகாக இருப்பதும் குடிலாக இருப்பதும் ஒன்றில்லையே. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அரை நாள் வேலை. ஃபாதர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கு முதல் ஆளாக அத்தை வந்தாள். சேலைக்கு மேல் சுவெட்டர், கையில் மெழுகுவர்த்திக் கட்டு. வாசலில் நின்றபடியே, "பொட்டி எங்க?" என்றாள். அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்து அத்தைக்கு நகர்த்திப் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்து யோசித்துக் கதவையே பிறாண்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை மூலையைப் பார்த்தாள். சுவெட்டர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். அத்தை குனிந்தாள், நிமிர்ந்தாள், இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

"செல்வி, இது ஒம்பதாம் நம்பர் மலதானே?" என்றாள். தோட்டத்து மலைகளுக்கெல்லாம் நம்பர்தான் பெயர்.

அம்மா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை அவளுக்கு அது தெரியாது. பதினைந்து ஆண்டுகளாக ஏறி இறங்கிய மலை, கையில் இருந்தது, கை வைத்துவிட்டது. "ஆமா, அண்ணி. அதான்" என்றாள் மெதுவாக.

"அப்ப இந்தப் பழுப்பு, கவாத்து வெட்டுன எடம். இது சரிஞ்ச மண்ணு. சரி. ஆனா சரிவு இன்னும் மேலலா, நீ கீழ வச்சிட்ட."

"மேல எங்க? கான் தாண்டினவொடனே சரிவுதான்" என்றாள் இன்னொருத்தி. "கானையே காணோமே" என்றாள் மூன்றாமவள். ஐந்து நிமிடத்தில் அறைக்குள் பேச்சு பொங்கிவிட்டது. வாசலோடு நின்றுகொள்வதாகச் சொல்லி வந்திருந்த கங்காணியும் தாங்கமுடியாமல் உள்ளே வந்து, "பழுப்பு பக்கத்துப் பதினொண்ணாம் நம்பர் வரைக்கும் போயிருச்சே, அத இன்னும் வெட்டலையே, யாரு வெட்டச் சொன்னது?" என்று கேட்டு, பழுப்புத் திட்டின் ஓரத்தில் தானே ஒரு துண்டுப் பாசியை ஒட்டி அந்தத் தவற்றைத் திருத்தினார். நாள் முழுவதும் எல்லோரையும் விரட்டுகிற அந்த மனிதர் விரலில் கஞ்சியோடு குந்தியிருந்த காட்சி எங்களுக்குப் பெரிய விருந்து.

பெரியம்மா அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்ததே ஆச்சரியம். திடீரென்று என் பாவாடைப் பையில் கைவிட்டு ஒரு தேயிலைக் கொட்டையை எடுத்தாள். "இந்தாங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று சாலையோரமாகப் போகும் சமதரையான வரியில் அதை ஒட்டினாள். "எப்பப் பாத்தாலும் எனக்கு மேட்டு நெரதான் கெடைக்குது. இங்கயாவது நல்ல நெரயில நிக்கிறேன்." கொழுந்து வெட்டுகிற பெண்களுக்கு யாருக்கு எந்த நிரை என்பது சாமானியமான விஷயம் இல்லை. சமதரை நிரை கிடைத்தால் அன்று அதிர்ஷ்டம், செங்குத்து நிரை கிடைத்தால் முட்டி கழன்றுவிடும். "அதெப்படி, அந்த நெர எனக்கு" என்று ஒருத்தி என் பையில் கைவிட்டாள், அடுத்தவள் விட்டாள், நான் கஷ்டப்பட்டு ஜெயித்த பதினேழும் போய் பிலோவின் கொட்டைகளும் காலியாயின. எல்லோரும் சாலையோரம் நிற்க ஆசைப்பட்டதால் அங்கே ஒரே நெரிசல். கங்காணி தனக்கு ஒரு கொட்டை வாங்கி, மலைக்கு வெளியே, பலகையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். "நான் நெழல்ல நிக்கிறேன்" என்றார். அப்படிச் சிரித்த சிரிப்பை நான் அந்த லயத்தில் கேட்டதில்லை. ஆனால் வலது பக்கம் கீழே இருந்த கறுப்பு வட்டத்தில் மட்டும் ஒருவரும் கொட்டை வைக்கவில்லை. யாரும் சொல்லாமலே அதை எல்லோரும் சுற்றிப் போனார்கள்.

அந்தச் சந்தடியில் ஃபாதர் உள்ளே வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நல்ல உயரம், கையில் தீர்த்தச் செம்பு. சட்டென்று அறை அடங்கியது. அவர் பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கறுப்பு வட்டத்தில் வந்து கண் நின்றது.

"குடில் நல்லா இருக்கு. ஆனா யாரையும் காணோமே?" என்றார்.

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. அத்தை அம்மாவைப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் பெரியம்மா, ஜென்மத்தில் மாரியம்மனைத் தவிர வேறு யாரையும் கும்பிடாத பெரியம்மா, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "அவங்க இன்னும் வரல, சாமி. வந்துக்கிட்டிருக்காங்க. பொறக்கறது நாளைக்குத்தானே? தாப்பா ரோட்டுல வளைவு ஜாஸ்திலா, புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சிக்கிட்டு மெதுவாத்தான் வரணும்" என்றாள்.

ஃபாதர் அவளைப் பார்த்தார். தாப்பா சாலையின் அத்தனை வளைவுகளிலும் மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறவர் அவர். உதடு துடித்தது, பிறகு அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். "சரிதான். இடம் தயாரா இருக்கு, அது போதும்" என்று சொல்லிச் செம்பைத் திறந்து தீர்த்தம் தெளித்தார். பாசி அதைக் குடித்தது. சிவப்பு மண் ஒரு கோடாக வழிந்து கீழே வந்தது, அம்மா துடைக்கப் போனாள், அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எல்லோரும் கேக் தின்னப் போனபின் அத்தை அம்மாவிடம் வந்தாள். "எல்லாமேவா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். "எல்லாமே, அண்ணி. சுடுதண்ணில..." என்றாள் அம்மா. நான் ஓடிவந்து, "நான்தான், அத்த" என்றேன். அத்தை என் பக்கம் குனிந்தாள். "அந்த மாட்டுக் கொம்பு ஒடிஞ்சிருந்துச்சே, பாத்தியா? நான் சின்னப் புள்ளையில ஒடச்சது. எலி கடிச்சிருச்சின்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த வருசமும் நீயே வை, செல்வி."

அம்மா உள்ளே போய் அத்தைக்குத் தேநீர் போட்டாள். சர்க்கரை இரண்டு தரம் போட்டுவிட்டாள், அத்தை முழுவதையும் குடித்தாள். பலகையில் அம்மாவுக்கு மட்டும் கொட்டை இல்லை என்பதைச் சாயங்காலம் பிலோதான் கண்டுபிடித்து, எங்கேயோ தேடி ஒன்றைக் கொண்டுவந்தாள். அம்மா அதைக் கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், வருகிறவர்களைப் பார்த்து நிற்பது போல் ஒட்டினாள்.

இப்போது நான் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். போன ஆண்டு எங்கள் முன்கூடத்துச் சுவரில் பாசியும் மரப்பட்டையும் மண்ணும் கொண்டு செய்த ஒரு பெரிய நிலக்காட்சியைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அழகாகத்தான் இருக்கிறது. ஒருநாள் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "எந்த நம்பர்?" என்று கேட்டாள். எந்த நம்பரும் இல்லை, சும்மா ஒரு மலை என்றேன். "அப்ப யாரு நிப்பா?" என்று கேட்டுவிட்டு, காப்பி குடிக்கப் போகலாம் என்றாள்.

ஒன்பதாம் நம்பர் மலையில் இப்போது இயந்திரத்தை இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள். நேப்பாளத்துப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள். எங்கள் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் அவர்கள் இருக்கிறார்கள். டிரம் நின்ற இடத்தில் மூன்று கல் மட்டும் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் சுவிட்சைத் தட்டினால் சுடுதண்ணீர் வருகிறது, அதற்கு எந்த வாசனையும் இல்லை. கியா பார்முக்குப் போகிற வழியில் கானோரமெல்லாம் சிமெண்ட், பாசி எடுக்க அம்மாவோடு வெகுதூரம் அலையவேண்டியிருக்கிறது. அத்தை இல்லை. பெரியம்மாவும் போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

ஆனால் ரிங்லெட்டில் இருக்கும் எங்கள் சின்ன வீட்டில் ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மா பலகையைச் சாய்த்து வைக்கிறாள். நான் ஈப்போவிலிருந்து அழகான சுரூபங்கள் வாங்கி வந்து கொடுத்தேன், கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டாள், குடிலில் வைக்கவில்லை. கொட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, இது சவேரியம்மா அண்ணி, இது கங்காணி என்று சொல்லிச் சொல்லி அவரவர் நிரையில் வைக்கிறாள். சென்ற ஆண்டு புதிதாக இரண்டு கொட்டைகள் சேர்ந்தன. யார் என்று கேட்டேன். "இப்ப அந்த மிசின் புடிக்கிற பசங்க. அவங்கதானே அங்க நிக்கிறாங்க" என்றாள். பெரியம்மாவின் கொட்டையைக் கடைசியாக எடுத்து, உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து, சாலையோரத்துச் சமதரை வரியில் வைத்தாள்.

பிலோவின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. கறுப்பு வட்டத்தை விரலால் தொட்டாள், வெள்ளைத் தடம் விரலில் ஒட்டியது.

"பாட்டி, இங்க யாரையும் காணோமே?"

அம்மா கஞ்சிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அவள் குரலில் பெரியம்மா பேசினாள்.

"வந்துக்கிட்டிருக்காங்க. தாப்பா ரோட்டுல வளைவு ஜாஸ்திலா."